பிளக் இடைவெளி வளர்ந்த கதை

நம் ஊர் லாரி டிரைவரிடம் போய், "வண்டிக்கு என்ன ஸ்பார்க் பிளக் போட்டிருக்கீங்க அண்ணே?" என்று கேட்டால் சிரித்துவிடுவார். டீசல் வண்டிக்கு ஏது ஸ்பார்க் பிளக்? காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிற எஞ்சின் அது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே டிரக் என்று சொல்வது பெரும்பாலும் பிக்கப் வண்டியைத்தான். முன்னால் மூன்று பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த பெட்டி, உள்ளே பெரிய பெட்ரோல் எஞ்சின். 1960-களிலும் 70-களிலும் வந்த ஷெவர்லே சி-10, ஃபோர்டு எஃப்-100 வண்டிகளை இன்றும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். அவர்களில் பலர் முதலில் கைவைப்பது இக்னிஷனில். சிபி பாயிண்டும் கண்டன்சரும் கொண்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுவார்கள். மாட்டி முடித்த கையோடு கேள்வி எழும்: இனி எந்த பிளக் போடுவது? அதன் முனைகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு வைப்பது?

கடைக்காரர் ஒரு பட்டியலைப் பார்த்து எண் சொல்லிவிடுவார். அந்த எண்ணுக்குப் பின்னால் சுமார் 250 ஆண்டுக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பட்டியல் இல்லாமலே பாதி விடை கிடைத்துவிடும்.

தொடக்கம் இத்தாலியில். 1776-இல் அலெஸ்சாண்ட்ரோ வோல்டா, மஜோரே ஏரிக்கரையின் சதுப்புச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துவைத்தார். இன்று மீத்தேன் என்கிறோமே, அதுதான். அந்த வாயுவைக் காற்றோடு கலந்து மூடிய கலத்தில் அடைத்து, உள்ளே மின்பொறி தட்டவைத்தார். வெடித்தது, தக்கை பறந்தது. மூடிய அறைக்குள் எரிவாயு, காற்று, இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ஒரு பொறி. பெட்ரோல் எஞ்சினின் பற்றவைப்பு முழுவதும் அந்தக் கைத்துப்பாக்கி அளவுப் பொம்மைக்குள் இருந்தது. எஞ்சின்தான் இல்லை.

எஞ்சின் வந்தது 1860-இல், பாரிஸில். எத்தியன் லெனுவார் என்ற பெல்ஜியக்காரர் நிலக்கரி வாயுவில் ஓடும் எஞ்சினைச் செய்து, ரூம்கோர்ஃப் காயிலிலிருந்து உயர் மின்னழுத்தத்தை எடுத்து, பீங்கான் காப்புக்குள் செருகிய கம்பி முனைகளில் பொறி உண்டாக்கினார். ஸ்பார்க் பிளக்கின் முதல் உருவம் என்று இதைச் சொல்லலாம். அது வேலை செய்ததற்கு ஒரு காரணம், அந்த எஞ்சின் எரிபொருள் கலவையை அழுத்தவே இல்லை என்பது. சாதாரணக் காற்றழுத்தத்தில் பொறி தாவுவது எளிது. அழுத்தம் கூடினால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வாயுவின் அழுத்தமும் முனைகளின் இடைவெளியும் சேர்ந்துதான் எத்தனை வோல்ட்டில் பொறி தாவும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்று ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். பிளக் பற்றிய எல்லாச் சண்டைகளும் இந்த ஒரு விதிக்குள் அடங்கும்.

1876-இல் நிக்கோலஸ் ஓட்டோ நாலு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தார். கலவையை அழுத்திவிட்டுப் பற்றவைப்பதுதான் அதன் உயிர்நாடி. ஆனால் அப்போது அவர் மின்சாரத்தை நம்பவில்லை. ஒரு சின்னச் சுடரைத் திறப்பு வழியாக உள்ளே காட்டினார். காட்லீப் டைம்லர் இன்னொரு வழி பிடித்தார். சிலிண்டரில் ஒரு குழாயைச் செருகி, வெளியிலிருந்து பர்னரால் பழுக்கக் காய்ச்சினார். எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்று அந்தக் குழாய்க்குக் கட்டளையிட முடியாது. பெட்ரோல் வண்டியில் எந்நேரமும் திறந்த நெருப்பு வேறு. கார்ல் பென்ஸ் மட்டும் 1886-இன் மூன்று சக்கர வண்டியில் பேட்டரி, காயில், பிளக் என்று மின்சாரத்தையே பிடித்துக்கொண்டார். பற்றவைப்பைப் பிரச்சினைகளுக்கெல்லாம் பெரிய பிரச்சினை என்று அவர் கருதியதில் வியப்பில்லை. அன்றைய பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும்.

அதே 1886-இல் ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ் ஒரு சிறு பட்டறை திறந்தார். மறு ஆண்டு ஒரு வாடிக்கையாளருக்காக, ஓரிடத்தில் நிற்கும் எஞ்சின் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்துகொடுத்தார். காந்தமும் சுருளும் சேர்ந்து தானே மின்சாரம் தயாரிப்பதால் பேட்டரியே வேண்டாம். 1897-இல் ஃபிரெடெரிக் சிம்ஸ் என்ற வாடிக்கையாளர் ஒரு தி தியோன் பூத்தோன் முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து, இதற்கும் மாட்டிக்கொடு என்றார். மெதுவாக ஓடும் எஞ்சினுக்காகச் செய்த மேக்னெட்டோ அந்த வண்டி எஞ்சினின் வேகத்துக்குத் தாக்குப்பிடிக்காது. போஷிடம் வேலை பார்த்த அர்னால்டு சேரிங்கர், கனமான சுருளை ஆட்டுவதற்குப் பதில் அதைச் சுற்றி ஓர் இலேசான உலோக உறையை ஆட்டினால் போதும் என்று கண்டுபிடித்தார். வேகம் சமாளிக்கப்பட்டது. ஆனாலும் அந்த மேக்னெட்டோவில் பொறி வர, சிலிண்டருக்குள்ளேயே இரண்டு தொடுமுனைகள் ஒட்டிப் பிரிய வேண்டும். அவற்றை அசைக்கத் தண்டுகள், நெம்புகோல்கள். எஞ்சினுக்கு எஞ்சின் அமைப்பும் மாறும்.

அசையும் பாகங்களை அறவே ஒழித்தவர் போஷின் இன்னொரு பொறியாளர், காட்லோப் ஹோனோல்டு. 1902-இல் ஒரே ஆர்மச்சரில் இரண்டு சுருள்களைச் சுற்றி, மேக்னெட்டோவிலிருந்தே உயர் மின்னழுத்தத்தை வரவைத்தார். அதோடு அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் பிளக்கையும் செய்தார். நான் இங்கே நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் விஷயம் இதில்தான் இருக்கிறது. ஹோனோல்டின் பிளக் தனியாக வந்த கண்டுபிடிப்பல்ல, மேக்னெட்டோவின் மறுபாதி. இவ்வளவு வோல்ட் வரும், இத்தனை இடைவெளியைத் தாண்டும் என்று இரண்டையும் ஒருவரே ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தார். அன்று முதல் பிளக் இடைவெளி என்பது இக்னிஷனின் சொத்து. (நம் மெக்கானிக்குகள் நெடுங்காலம் "மைக்கோ பிளக்" என்று கேட்டு வாங்கியது இந்த போஷின் கூட்டோடு 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சரக்கு.)

அமெரிக்கக் கிளைக்கதை ஒரு சைக்கிள் வீரரிடம் தொடங்குகிறது. ஆல்பர்ட் சாம்பியன் பாரிஸ்காரர். 1899-இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். அமெரிக்காவுக்குப் போய் 1905-இல் பாஸ்டனில் தன் பெயரிலேயே பிளக் கம்பெனி தொடங்கினார். பணம் போட்டவர்கள் ஸ்ட்ரானஹன் சகோதரர்கள். 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கிய வில்லியம் டியூரன்ட் அழைக்க, சாம்பியன் பழைய கம்பெனியை விட்டுவிட்டு ஃபிளின்ட் நகருக்குப் போனார். பெயர் பழைய கம்பெனியிடமே தங்கிவிட்டது. அது டொலீடோவுக்குக் குடிபெயர்ந்தது; சாம்பியன் பிளக் என்ற பெயர் இன்றும் கடையில் இருக்கிறது. சொந்தப் பெயரை இழந்தவர் கடைசியில் முதலெழுத்துகளோடு திருப்திப்பட்டார்: ஏசி. ஷெவர்லே டிரக்கின் கையேட்டில் வரும் ஏசி பிளக் அதுதான்.

மேக்னெட்டோவைக் காரிலிருந்து விரட்டியவர் சார்லஸ் கெட்டரிங். 1910 மாடல் கேடிலாக்கில் பேட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட அமைப்பைப் புகுத்தினார். 1912 மாடலுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டரையும் கொடுத்தார். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் கட்டும். பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சரியும். சரியும் வேகத்தில் இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். அறுபது ஆண்டுக்கு மேல் உலகத்துப் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின. நம் அம்பாசடரும் பியட்டும் அப்படித்தான்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. பாயிண்ட் வழியாகச் சுமார் 4 ஆம்பியருக்கு மேல் ஓடவிட்டால் அது தீய்ந்து குழிவிழும். ஆகவே காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு தடைக் கம்பியால் குறைத்தே கொடுத்தார்கள். எஞ்சின் வேகம் கூடும்போது பாயிண்ட் மூடியிருக்கும் நேரமும் குறையும். காயில் முழுதாக நிரம்பாது. கைக்குக் கிடைத்தது சுமார் 20,000 வோல்ட். அதை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு தாண்டக்கூடிய இடைவெளி 0.035 அங்குலம், அதாவது 0.9 மில்லிமீட்டர். அமெரிக்க வி8 வண்டிகளின் கையேடுகளில் பல ஆண்டு மாறாமல் நின்ற அந்த எண், பாயிண்ட்டின் இயலாமையை அளந்து சொன்ன எண்.

இதற்கிடையில் பிளக்கின் உடம்பும் மாறிக்கொண்டிருந்தது. பழைய பீங்கான் சூட்டில் வெடித்தது. விமான எஞ்சின்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காத் தகடுகளைச் சுற்றிக் காப்பு செய்தார்கள். கெனெல்ம் லீ கின்னஸ் என்ற பந்தய வீரரின் கேஎல்ஜி பிளக் அப்படிப் பேர் வாங்கியதுதான். அன்று உலகச் சந்தையின் தகட்டு மைக்காவில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது: கோடர்மாவிலிருந்தும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும். மைக்காவுக்கு முடிவுகட்டியது ஈயம். கெட்டரிங்கின் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் தட்டாது (நாக்கிங் வராது) என்று கண்டுபிடித்தார்; 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. அந்த ஈயம் மைக்காவை அரித்தது, பிளக் மூக்கில் படிந்து பொறியையும் திருடியது. இக்னிஷனைக் கொடுத்த கையே அதற்கு எதிரியையும் வளர்த்துவிட்டது! 1930-களில் ஜெர்மனியில் சீமென்ஸ் அலுமினாப் பொடியைச் சுட்டு இறுக்கிய காப்பைக் கொண்டுவந்தது. இன்று பிளக்கில் வெள்ளையாகத் தெரிவது அந்த வம்சம்தான்.

இனி 1970-க்கு வருவோம். அந்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையைக் குறைக்கக் கலவையில் பெட்ரோலைக் குறைத்தார்கள். எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி சிலிண்டருக்குள் விட்டார்கள். இப்படி மெலிந்த கலவை எளிதில் பற்றாது. சின்னப் பொறியின் அருகே போதிய பெட்ரோல் இல்லாவிட்டால் அந்தச் சுற்று வீண். எஞ்சின் மிஸ் அடிக்கும். 1975 மாடல்களில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தபிறகு இது இன்னும் ஆபத்தானது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். தீர்வு ஒன்றுதான்: பொறி நீளமாக வேண்டும், அதிகக் கலவையைத் தொட வேண்டும். நீளப் பொறிக்கு அகல இடைவெளி. அகல இடைவெளிக்கு அதிக வோல்ட். அதிக வோல்ட்டுக்குப் பாயிண்ட் ஒழிய வேண்டும்.

கிறைஸ்லர் முந்திக்கொண்டு 1973-இல் தன் கார்களுக்கெல்லாம் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியது. ஃபோர்டு பின்னால் டியூராஸ்பார்க் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1974 நடுவில் தொடங்கி, 1975-இல் பரவலாகக் கொடுத்தது ஹை எனர்ஜி இக்னிஷன், சுருக்கமாக ஹெச்இஐ. பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு காந்தச் சுருளும் டிரான்சிஸ்டர் மாட்யூலும். தேய எதுவும் இல்லை. மின்சாரத்துக்கு அந்தப் பழைய வரம்பும் இல்லை. காயில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உச்சியிலேயே ஏறி உட்கார்ந்தது. வோல்ட் 35,000 வரை. மூடி ஏன் அவ்வளவு பெரிதானது என்று கேட்கிறவர்கள் உண்டு. சின்ன மூடியில் அந்த மின்னழுத்தம் ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்கே தாவிவிடும், அதனால்தான். பிளக் ஒயரும் 7 மில்லிமீட்டரிலிருந்து 8 ஆகத் தடித்தது.

பொறியாளர்கள் கையில் புதுப் பணம் வந்த மாதிரி செலவழித்தார்கள். பல எஞ்சின்களுக்கு இடைவெளியை 0.060 அங்குலம், 1.5 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். ஏசி பிளக் எண்ணின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து சேர்ந்தது இந்த அகல இடைவெளிக்காக. சில ஆண்டிலேயே விளைவு தெரிந்தது. பிளக் முனை ஓட ஓடத் தேயும், இடைவெளி தானே இன்னும் வளரும். 0.060-இல் தொடங்கியது எங்கே போய் நிற்கும்? தாண்ட முடியாத பொறி, அடைத்த வாய்க்காலில் தண்ணீர் கரையைத் துளைப்பதுபோல, ரோட்டரைத் துளைத்தது, மூடியில் கரிக்கோடு போட்டது, ஒயர் உறையைக் கிழித்தது. கம்பெனியே 0.045 அங்குலத்துக்கு, 1.1 மில்லிமீட்டருக்கு, இறங்கிவந்தது. முடிந்தவரை வைப்பது வேறு, வைக்க வேண்டிய அளவுக்கு வைப்பது வேறு என்று பட்டுத் தெரிந்துகொண்ட எண் இது. எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

இப்போது பழைய டிரக்கை எடுத்துக்கொள்வோம். 350 கன அங்குல ஷெவர்லே வி8. பாயிண்ட்டைக் கழற்றி ஹெச்இஐ மாட்டியாயிற்று. கடையில் இரிடியம் பிளக்கை நீட்டுவார்கள், நாலு முனை பிளக்கைக் காட்டுவார்கள், "இக்னிஷன் மாத்திட்டீங்கன்னா கூலான பிளக் போடணும்" என்று ஒருவர் ஆலோசனை சொல்வார். இந்த ஆலோசனைதான் மிகப் பரவலான குழப்பம். பிளக்கில் ஹாட், கோல்டு என்று சொல்வது பொறியின் சூட்டை அல்ல. மூக்குப் பீங்கான் தன் சூட்டை எவ்வளவு விரைவாக எஞ்சின் தலைக்குக் கடத்திவிடுகிறது என்பதைத்தான். மூக்கு நீளமானால் சூடு வெளியேற வெகுதூரம் போக வேண்டும். அது ஹாட் பிளக். குட்டையானால் கோல்டு. மூக்கு ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 850-ஐத் தாண்டிப் போனால் பொறி வருமுன்பே பெட்ரோல் தானே பற்றி பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். அந்தச் சூட்டைத் தருவது எரியும் பெட்ரோல், எஞ்சினின் அழுத்தம், ஏற்றும் பாரம். இக்னிஷன் அதில் கைவைப்பதில்லை. எஞ்சின் மாறவில்லை என்றால் ஹீட் ரேஞ்சும் மாற வேண்டியதில்லை. மாறியது இக்னிஷன், ஆகவே மாற வேண்டியது இடைவெளி.

டிரக் கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறுவதே வாடிக்கை என்றால் ஒரு படி கோல்டு போடலாம். பிஸ்டன் வளையம் தேய்ந்து ஆயில் குடிக்கிற எஞ்சின் என்றால் ஒரு படி ஹாட். எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். ஏசியில் எண் கூடினால் ஹாட். ஜப்பானின் என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் கோல்டு. ஏசியின் ஆர்45டிஎஸ் என்ற எண்ணில் ஆர் என்பது ரேடியோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர், 4 என்பது 14 மில்லிமீட்டர் மரை, 5 ஹீட் ரேஞ்ச், டி கூம்பு இருக்கை, எஸ் நீண்ட மூக்கு. எலெக்ட்ரானிக் மாட்யூல் உள்ள வண்டியில் அந்த ஆர் இருப்பதே நல்லது. இந்த எஞ்சினின் பழைய தலைகளில் கூம்பு இருக்கைக்குப் பதில் வாஷர் இருக்கை வரும். எஞ்சின் தலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரிடியம் பற்றி ஒரு வார்த்தை. 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் உலோகம் என்பதால் முனையை 0.4 மில்லிமீட்டர் வரை மெலிதாக்க முடிகிறது. மெலிந்த முனையிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டிலேயே தாவும், தேய்மானமும் குறைவு. தலைக்குள் கைவிட்டு பிளக் மாற்றுவது நரகமான புது எஞ்சின்களுக்கு அது நியாயமான செலவு. எட்டு பிளக்கும் கைக்கெட்டுகிற பழைய டிரக்குக்கு, உள்ளே செம்புத் தண்டு வைத்த சாதாரண நிக்கல் முனை பிளக் போதும் என்பதே என் தீர்ப்பு. நாலு முனை பிளக்கிலும் ஒரு சமயத்தில் பொறி தாவுவது ஒரு முனைக்குத்தான்.

ஆகவே, கம்பெனி அமைப்பிலேயே இருக்கும் 350 எஞ்சின், புதிதாக மாட்டிய ஹெச்இஐ, கூம்பு இருக்கைத் தலை என்றால் ஆர்45டிஎஸ் அல்லது அதற்கு இணையான பிளக், இடைவெளி 0.045. கம்பிரஷனை ஏற்றியிருந்தாலோ டர்போ மாட்டியிருந்தாலோ பாஷன் விதியை நினைத்து 0.035-க்கு இறக்குங்கள். புது பிளக் என்றாலும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கூம்பு இருக்கை பிளக்கைக் கையால் முழுதாகத் திருகியபின் ஸ்பானரால் பதினாறில் ஒரு சுற்று போதும். இதையெல்லாம் செய்யுமுன், பாயிண்ட் காலத்துத் தடைக் கம்பி இன்னும் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, ஹெச்இஐக்குப் பேட்டரியிலிருந்து முழு 12 வோல்ட் கொடுங்கள். அதைக் கொடுக்காதவரை எந்த பிளக்கைப் போட்டும் பயனில்லை.